பெரியப்பாவுக்குக் குறைத்த மூன்று வருஷம்

நானும் அம்மாவும் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது கடற்கரைச் சென்றிக் காவலரணில் பெரியப்பா இல்லை. அவருடைய சோற்றுப் பார்சல் மட்டும் மணல் மூட்டையின் மேல் இருந்தது. விடிய நாலு மணிக்கு அம்மா கட்டிக் கொடுத்த பார்சல். அதை ஒரு காகம் கொத்திக்கொண்டிருந்தது.

காவலுக்கு நின்ற நேவிக்காரன் காகத்தைத் துரத்தவில்லை. எங்களையும் துரத்தவில்லை.

"எங்க அவர்?" என்று அம்மா கேட்டாள்.

அவன் பின்னால் இருந்த தகரக் கொட்டிலைக் கையால் காட்டினான். கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ சிங்களத்தில் சத்தமாகக் கேட்பதும், பிறகு ஒன்றும் கேட்காமல் இருப்பதும் மாறி மாறி வந்தது. அந்த ஒன்றும் கேட்காத நேரம்தான் பெரியப்பா பதில் சொல்லும் நேரமாக இருக்க வேண்டும். அவர் எப்போதும் மெதுவாகத்தான் கதைப்பார்.

உள்ளே மேசையில் அவர்கள் விரித்து வைத்திருக்கும் கடதாசி எது என்று எனக்குத் தெரியும். அதிலுள்ள ஒவ்வோர் எழுத்தும் நான் எழுதியது.

அந்தக் கடதாசியைப் பற்றி நான் ஒருவருக்கும் முழுவதும் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லத்தான் வேண்டும்.

ஐந்து வருஷத்துக்கு முன் என் அப்பா இராசதுரை கடலுக்குப் போனார். வள்ளம் மட்டும் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அம்மா எத்தனை அரசாங்கக் கந்தோர்களில் ஏறி இறங்கினாள் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. எல்லா இடத்திலும் ஒரே கதைதான். கந்தோரில் வேலை செய்தவர் செத்தால் வீட்டுக்குப் பென்சன் வரும், கடலில் வேலை செய்தவருக்கு இந்தப் பக்கம் அப்படி ஒன்றும் இல்லை. தென்னிலங்கையில் மீன்பிடிக்கிறவர்களுக்கு ஒரு திட்டம் இருக்கிறது, அது இன்னும் உங்கள் கரைக்கு வரவில்லை, வந்தாலும் உயிரோடு இருக்கும்போதே பதிந்திருக்க வேண்டும் என்று ஒருவர் விளக்கமாகச் சொல்லி அனுப்பினாராம்.

அப்பாவின் அண்ணன் செல்லத்தம்பிப் பெரியப்பாதான் அதற்குப் பிறகு எங்களைப் பார்த்தார். அவர் கலியாணம் கட்டவில்லை. எங்கள் பழைய ஊரான திரியாயில் வீடு எரிந்தபிறகு எங்களோடு உப்புவெளிக்கு வந்தவர், எங்கள் வீட்டுக் கொட்டிலின் முன் பக்கத்தில் ஒரு சாக்குக் கட்டிலில் ஐந்து வருஷமாகப் படுக்கிறார்.

இந்த வருஷம் அந்தத் திட்டம் எங்கள் கரைக்கும் வந்தது.

கிண்ணியாவிலிருந்து மீன்பிடி உத்தியோகத்தர் ஜமால்தீன் ஐயா விண்ணப்பப் படிவங்களோடு வந்தார். மீனவர் சங்கக் கொட்டிலில் எல்லாரையும் இருத்தி வைத்துச் சொன்னார். அறுபது வயதானால் மாதாமாதம் பென்சன், சாகும்வரைக்கும். கடலில் ஏதும் நடந்தால் வீட்டுக்கு உதவி. ஆனால் சேரும்போது ஐம்பத்தொன்பது வயதைத் தாண்டியிருக்கக் கூடாது.

"எங்களுக்கும் பென்சனோ?" என்று பெரியப்பா கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுக்கும்போது தன் பேரைக் கேட்ட பிள்ளையின் குரல் மாதிரி ஒரு குரல்.

"ஓம் காக்கா," என்றார் அவர், கிண்ணியாவில் அண்ணனைக் கூப்பிடும் முறையில். "ஒங்களுக்கும்தான். பிச்சைச் சம்பளம் இல்ல இது. பென்சன்."

பிச்சைச் சம்பளம் என்று எங்கள் சனம் சொல்வது, ஆதரவில்லாத ஆட்களுக்குத் தபால் கந்தோரில் மாதம் மாதம் கொடுக்கிற சிறு உதவியை. பெரியப்பாவுக்கு அந்தச் சொல்லே ஆகாது. ஏலாமல் போனால் கடலுக்குள் இறங்கி நடப்பேனே தவிர அந்த வரிசையில் நிற்க மாட்டேன் என்பார்.

அவருக்கு அப்போது அறுபத்தொன்று.

சங்கத்தில் பதினாலு பேர் சேரச் சம்மதித்தார்கள். பதினாலு படிவத்தையும் நிரப்பும் வேலை என் தலையில் விழுந்தது. ஓ.எல். சோதனை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன், கையெழுத்தும் வடிவு என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஒவ்வொருவரும் அடையாள அட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் பக்குவமாக வைத்தார்கள்.

அந்தப் பதினாலில் பெரியப்பாவும் காசிநாதரும் வயதால் சேர்க்க முடியாத ஆட்கள். காசிநாதர் பக்கத்துக் கொட்டில், பெரியப்பாவோடு ஒரே வள்ளத்தில் போகிறவர். அவருக்கு அறுபத்திரண்டு.

"பிள்ளை ஞானமணி," என்று அன்றைக்கு அவர் எனக்குப் பக்கத்தில் வந்து குந்தினார். "கொஞ்சம் இளமையாக்கி விடன்."

"அது பிழை, காசிநாதர் மாமா."

"என்னத்தில பிழை? என்ர முகத்தைப் பார். ஐம்பது எண்டு சொன்னா ஆர் இல்லையெண்டுவினம்?"

முன்வாயில் இரண்டு பல் இல்லாமல் அவர் சிரித்ததைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"பகிடிக்குச் சொல்லேல்ல. எனக்கு விடு. செல்லத்தம்பிக்கு எழுது. கொப்பர் போன பிறகு கொம்மாவுக்கு என்ன கிடைச்சது? நாளைக்கு இவனுக்கும் ஏதும் எண்டா, திரும்பவும் அந்தக் கந்தோர்ப் படியளோ?"

அன்றைக்குப் பின்னேரம் பெரியப்பாவின் படிவத்தில் பிறந்த வருஷம் என்ற இடத்தில் ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தேழுக்குப் பதிலாக நாற்பது என்று எழுதினேன். காசிநாதருக்கு முப்பத்தாறை நாற்பத்தொன்று ஆக்கினேன். பெரியப்பாவுக்கு இதைச் சொல்லவில்லை. சொன்னால் கிழித்துப்போடுவார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. நான் விரலால் காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தார்.

பிறந்த வருஷத்தை மாற்றினேன். கீழே அடையாள அட்டை இலக்கத்தை அட்டையைப் பார்த்து ஓர் இலக்கம் பிசகாமல் எழுதினேன். அந்த இலக்கத்தின் முதல் இரண்டும் பிறந்த வருஷம்தான் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். இந்த நாட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் எழுதும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை. மேலே நாற்பது, கீழே முப்பத்தேழு.

ஜமால்தீன் ஐயாவுக்குக் கிண்ணியாவுக்குக் குடாவைக் கடக்கும் கடைசிப் பாதைப் படகைப் பிடிக்க வேண்டும். பதினாலையும் கடகடவென்று கையெழுத்து வைத்து, முத்திரை குத்தி, ஆளுக்கொரு பிரதியைக் கொடுத்துவிட்டு ஓடினார்.

பெரியப்பா அந்தப் பிரதியை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டார். அதே பைக்குள் அடையாள அட்டையையும் வைத்தார். கடலுக்குப் போகிற எல்லாரும் விடிய சென்றியில் அட்டையைக் கொடுத்துவிட்டு ஒரு தகரத் துண்டு வாங்க வேண்டும். திரும்பி வந்து தகரத்தைக் கொடுத்து அட்டையை எடுக்க வேண்டும். இன்றைக்கு விடியப்புறம் அவர் பையை அப்படியே நீட்டியிருக்கிறார்.

"நான் பின்னால நிண்டனான்," என்று காசிநாதர் மூச்சு வாங்க வீட்டுக்கு வந்து சொன்னார். அப்போது விடிந்து ஆறரை இருக்கும். "நேவிக்காரன், பைக்குள்ள இருக்கிற கடதாசி என்னெண்டு கேட்டவன். செல்லத்தம்பி சும்மா இருக்காம, அது என்ர பென்சன் துண்டு எண்டு சிரிச்சுக்கொண்டு விரிச்சுக் காட்டினவன். அவன் அட்டையையும் துண்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாத்தான். எத்தின வயசு எண்டு கேட்டான். இவன் அறுபத்தொண்டு எண்டான். பிறகு உள்ள கொண்டு போயிட்டினம்."

"உங்கட துண்டு?" என்று கேட்டேன்.

"தலையணைக்குக் கீழ."

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஜமால்தீன் ஐயாவைத் தேடிப் போனார். நாங்கள் சென்றிக்கு ஓடினோம்.

ஒன்பது மணி தாண்டித்தான் ஜமால்தீன் ஐயா வந்தார். சேர்ட் முழுக்க வியர்வை. எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனார். இந்த முறை கதவைச் சாத்தவில்லை. பெரியப்பா ஒரு வாங்குப் பலகையில், இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு இருந்தார். அடித்த மாதிரித் தெரியவில்லை. அதைத்தான் நான் முதலில் பார்த்தேன்.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி இளம் ஆள். ஜமால்தீன் ஐயாவோடு சிங்களத்தில் கதைத்தார். பிறகு பெரியப்பாவைப் பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"இது யாருடைய அட்டை?"

"என்ர அட்டைதான் சேர்."

"அட்டை சொல்லுது முப்பத்தேழு. பேப்பர் சொல்லுது நாற்பது. ரெண்டு ஆள். நீ எந்த ஆள்?"

"நான் ஒரு ஆள்தான் சேர். செல்லத்தம்பி."

"பேப்பர் யார் எழுதினது?"

என் கால் முன்னால் போனது. உண்மையாகவே ஓரடி வைத்தேன். அம்மா என் கையைப் பிடித்தாள். பிடித்தது வெளியே தெரியாது. ஆனால் அவளுடைய நகம் என் மணிக்கட்டுக்குள் இறங்கியது. இப்போதும் நாலு பிறை அடையாளம் இருக்கிறது.

"நான் சொல்ல எழுதினது சேர்," என்றார் பெரியப்பா. "பிழையெண்டா என்ர பிழை."

ஜமால்தீன் ஐயா இடையில் வந்து ஏதோ நீளமாகச் சொன்னார். அதிகாரி பேனையால் மேசையைத் தட்டிக்கொண்டு கேட்டார். கடைசியில் பெரியப்பாவை விட்டார்கள். அட்டையை விடவில்லை. அதைக் கொழும்புக்கு அனுப்பி விசாரிப்பார்களாம். நாளைக்குக் காலை ஒன்பது மணிக்குப் பெரியப்பா திரும்பவும் வந்து பதில் சொல்ல வேண்டுமாம்.

அட்டை இல்லாத ஆள் கடலுக்குப் போக ஏலாது. சந்தைக்குப் போக ஏலாது. இந்தச் சென்றியைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குக் கூடப் போக ஏலாது. ஆமி ஊரைச் சுற்றி வளைத்துத் தேடினால் என்ன நடக்கும் என்பதை நான் எழுத விரும்பவில்லை.

வெளியே வந்ததும் பெரியப்பா அந்தச் சோற்றுப் பார்சலை எடுத்தார். காகம் கொத்தின பக்கத்தைக் கிள்ளி எறிந்துவிட்டு மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

வீட்டு வாசலில் ஜமால்தீன் ஐயாவுக்கு அம்மா கதிரை போட்டாள். அவர் இருக்கவில்லை. பெரியப்பா கிணற்றடிக்குப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். காசிநாதரும் அங்கேதான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மகள், நான் ஒங்கள ஏசப் போறதில்ல. நானும் பாக்காம ஒப்பம் வச்சவன். எனக்கும் புள்ளைகள் இரிக்கி, எனக்கும் இந்த உத்தியோகம் வேணும். ஒண்டு மட்டும் சொல்லுங்க. பதினாலு படிவமும் நாளைக்குக் காலம்புற பஸ்ஸில கொழும்புக்குப் போகுது. எல்லாத்துக்கும் சேத்து நான் ஒரே கடிதம் குடுத்திருக்கன், எல்லா விபரமும் சரி எண்டு. இந்தக் காக்காட படிவத்த நான் எடுத்துப் போடுறன். வேற ஏதும் இப்பிடி இரிக்கா?"

நான் காசிநாதரைப் பார்க்கவில்லை. பார்க்காமலே அவர் என்னைப் பார்க்கிறார் என்று தெரிந்தது. சைக்கிள் மணியின் மூடியை விரலால் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னொண்டு ஆம்பிட்டா என்ன நடக்கும் ஐயா?" என்று கேட்டேன்.

"ஒண்டு எண்டா பிழை எண்டு சொல்லலாம். ரெண்டு எண்டா பொய் எண்டு சொல்லுவாங்க. பதினாலையும் திருப்பிருவாங்க. இந்தக் கரைக்கு இந்தத் திட்டத்தக் கொண்டு வர நான் மூணு வருசம் எழுதினவன், மகள். இங்க சரிவந்தாத்தான் அடுத்து மூதூர்ப் பக்கம் குடுப்பாங்க."

"இல்ல ஐயா," என்றேன். "ஒண்டுதான்."

அவர் நம்பினார். நான் பொய் சொல்லுகிற பிள்ளை இல்லை என்று இந்தக் கரை முழுக்கத் தெரியும். அதனால்தான் பதினாலையும் என்னிடம் கொடுத்தார்கள்.

அவர் போன பிறகு காசிநாதர் கொஞ்ச நேரம் நின்றார். "அப்ப என்ர படிவம் போகுதோ?" என்று கேட்டார். சிரிக்கவில்லை. நான் தலையை ஆட்டினேன். ஓம் என்றா இல்லை என்றா ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

குசினியில் அம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரித்தாள்.

"அந்த நாப்பதில இருக்கிறது உன்ர சைபர் எண்டு எனக்குத் தெரியாதோ?" என்றாள். "சின்னன் துவக்கம் நீ போடுற சைபர் மேல வாய் திறந்துதான் இருக்கும். அந்த மேசையில தூரத்தில நிண்டே கண்டனான்."

"அம்மா, நாளைக்கு நானும் போய்ச் சொல்லுறன். நான்தான் எழுதினனான் எண்டு."

"நீ ஒரு இடமும் போகப்படாது."

"அப்ப பெரியப்பா?"

அவள் திரும்பினாள். வெங்காயம் உரித்த கண்தான், ஆனால் வெங்காயம் உரிக்கும்போது அவள் அழுது நான் கண்டதில்லை.

"உனக்குப் பதினாறு வயசு. பொம்பிளைப் பிள்ளை. அந்தத் தகரக் கொட்டிலுக்குள்ள நீ போய் இருந்து பதில் சொல்ல நான் வெளியில நிக்கோணுமோ? அவருக்கு அறுபத்தொண்டு. அவர் சமாளிப்பார்."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். எங்களுக்காக ஐந்து வருஷம் கடலுக்குப் போன மனுஷனைப் பற்றித்தான் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு இரவுச் சாப்பாடு வரைக்கும் அவள் பெரியப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கு மட்டும் இரண்டு மீன் துண்டு வைத்தாள். அவர் ஒன்றை எடுத்து என் சோற்றுக் கோப்பையில் போட்டார்.

இப்போது ஊரடங்கு. வெளியே நாய்கூடக் குரைக்கவில்லை. குப்பி விளக்கைத் திரி குறைத்து வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். அம்மா நித்திரை மாதிரிப் படுத்திருக்கிறாள்.

கொஞ்சத்துக்கு முன் தட்டியின் அந்தப் பக்கத்திலிருந்து பெரியப்பா கூப்பிட்டார்.

"ஞானமணி. முழிப்போ?"

"ஓம் பெரியப்பா."

"ஒண்டு கேக்கோணும். காலையில இருந்து யோசிக்கிறன், விளங்கேல்ல." சாக்குக் கட்டில் கிறீச்சிட்டது. எழும்பி இருந்திருக்க வேண்டும். "நான் அறுபத்தொண்டு எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான். திரியாயில என்ர அம்மா அப்பிடித்தான் சொன்னவ. பிறப்புப் பதிவும் வீட்டோட எரிஞ்சு போச்சு. அட்டைக்கு எழுதின ஆள் பிழையா எழுதியிருப்பான் போல."

நான் விளக்கின் திரியை இன்னும் குறைத்தேன்.

"நீ படிச்ச பிள்ளை. நீ யோசிக்காம எழுத மாட்டாய். நீ நாப்பது எண்டு எழுதியிருந்தா அதுதான் சரி. நான்தான் அவங்களுக்கு அறுபத்தொண்டு எண்டு சொல்லிக் குழப்பிப் போட்டன். உன்ர பேர் அங்க வரக்கூடாது எண்டுதான் நான் சொல்ல எழுதினது எண்டனான். நீ ஒண்டுக்கும் பயப்பிடாத."

"பெரியப்பா…"

"அதில்ல நான் கேக்க வந்தது. ஒரு சின்னப் பெடியன் நேவி, என்னோட பகிடியா உண்மையா எண்டு தெரியேல்ல, திரும்பத் திரும்ப ஒண்டைத்தான் கேட்டவன். முப்பத்தேழில இருந்து நாப்பது மட்டும் எங்க இருந்தனீ எண்டு. எனக்குப் பதில் வரேல்ல. நாளைக்கும் கேப்பான்."

கடல் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, வாசிக்கத் தெரியாத கடிதம் ஒன்றை என் கையில் தருகிற மாதிரி, மெதுவாகக் கேட்டார்.

"அந்த மூண்டு வருசமும் நான் எங்க இருந்தனான், பிள்ளை?"